முதலில் பின்வாசல் சங்கிலியைக் கழற்றுங்கள்: ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை குறித்து விடுதி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர், தலைமை வார்டன், கொள்முதல் குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

வரும் கல்வியாண்டு முதல் எல்லா விடுதிகளிலும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை, அதாவது ரேடியோ அலை வழியே தன் எண்ணைச் சொல்லும் அட்டை, கட்டாயம் என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறீர்கள். அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். மகளிர் விடுதிகளில் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் உடனே பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போகும். இரவுக் காவலர்கள் மூவருக்குப் பதில் இனி ஒருவர்தான். மகளிர் விடுதிகளின் பின்வாசல் நிரந்தரமாகப் பூட்டப்படும். முன்னோட்டமாக ஒரு மகளிர் விடுதியில் இவை அனைத்தும் ஏற்கெனவே நடப்புக்கு வந்துவிட்டன. அங்கே பொருத்தியிருப்பதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க எங்களால் முடியவில்லை. கதவுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நிறுவுவதும் பழுது பார்ப்பதும்தான் எங்கள் தொழில். பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே டெண்டர் வாசகம் வரி மாறாமல் வேறு பல விடுதிகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

ஆர்.எஃப்.ஐ.டி. வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பூட்டு சாவியையும் கையெழுத்துப் பதிவேட்டையும் விட அது எவ்வளவோ மேல். சாவி தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டும். அட்டை தொலைந்தால் பட்டியலிலிருந்து ஓர் எண்ணை நீக்கினால் போதும். படிப்பு முடிந்து போனவரின் அனுமதி மே 31 நள்ளிரவோடு தானாகவே முடியும்படி வைக்கலாம். ஆனால் முன்னோட்ட விடுதியில் செய்திருக்கும் விதத்தில் செய்தால் வெளியாள் சுலபமாக உள்ளே வரலாம். உள்ளே இருக்கும் பெண்ணோ ஆபத்து நேரத்தில் வெளியே போக முடியாது.

மாணவிகளுக்குக் கொடுத்திருக்கும் அட்டை ஒன்றை வாங்கித் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். 0012345678 என்று ஓர் எண்ணும், பக்கத்திலேயே 188,24910 என்று இன்னொன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றுதான். 188-ஐ 65,536-ஆல் பெருக்கி, 24,910-ஐக் கூட்டிப் பாருங்கள், 1,23,45,678 வரும். அட்டைக்குள் இருக்கும் சில்லு, வாசலில் அட்டையைப் படிக்கும் கருவியான ரீடரிடம் சொல்லும் ரகசியமும் இந்த எண்தான். இது 125 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் ஈ.எம். 4100 வகை அட்டை. இதில் கடவுச்சொல் கிடையாது, மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி அனுப்புவது) கிடையாது, எதிரே இருப்பது உங்கள் ரீடரா வேறு யாருடையதா என்று கேட்கும் அறிவும் கிடையாது. ரீடரின் காந்தப் புலத்துக்குள் வந்ததும் தன் எண்ணை விடாமல் ஒப்பிக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சில்லின் 40 பிட் தகவலில் 24 பிட்டை மட்டும்தான் உங்கள் ரீடர் கதவைத் திறக்கச் சரிபார்க்கிறது. அந்த 24 பிட்டும் அட்டையின் மேலேயே அச்சாகியிருக்கிறது.

விடுதி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் நாள் எடுத்த படத்தை ஒரு மாணவி சமூக ஊடகத்தில் போடுகிறார். அட்டை திரும்பியிருந்து, அந்த எண் படிக்கும்படி விழுந்திருந்தால் வாசற்கதவுக்கு அந்தப் படமே போதும். எண்ணை எழுதிக்கொள்ளும் வெற்று அட்டைகளும், அவற்றில் எழுதும் கைக்கருவியும் இணையக் கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன. சாவிக்கு நகல் எடுக்கவாவது சாவியைக் கொண்டுபோய்க் கடைக்காரர் கையில் கொடுக்க வேண்டும். இதற்கு அதுகூட வேண்டியதில்லை.

இதைக் கேட்டதும் ஒப்பந்ததாரர் “13.56 மெகாஹெர்ட்ஸ் ஸ்மார்ட் கார்டுக்கு மாற்றித் தருகிறோம்” என்பார். அங்கேதான் இரண்டாவது பள்ளம். அந்த அலைவரிசையில் மலிவாகக் கிடைப்பது மைஃபேர் கிளாசிக். 1994இல் வந்த சில்லு. 48 பிட் சாவி கொண்ட கிரிப்டோ-1 என்ற பழைய மறையாக்கம். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் அதன் உள்ளமைப்பை ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை முழுவதுமாக உடைத்தார்கள். கட்டுரையை வெளியிடக் கூடாது என்று தயாரிப்பு நிறுவனம் நீதிமன்றம் போனது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2024இல், அதோடு ஒத்தியங்கும் ஒரு சீனத் தயாரிப்புச் சில்லில் எல்லா அட்டைக்கும் பொதுவான பின்கதவுச் சாவியே இருப்பது வெளிப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் இந்த அட்டைதான் டெண்டர்களில் ‘உயர் பாதுகாப்பு ஸ்மார்ட் கார்டு’ என்ற பெயரில் வந்துகொண்டிருக்கிறது. பல இடங்களில் தொழிற்சாலையில் இட்ட தொடக்கச் சாவியை, அதாவது வரிசையாகப் பன்னிரண்டு ‘எஃப்’ எழுத்துகளை, யாரும் மாற்றுவதுகூட இல்லை.

கேட்க வேண்டியது டெஸ்ஃபயர் இ.வி.2 அல்லது இ.வி.3, அல்லது அதற்கு நிகராக 128 பிட் ஏ.இ.எஸ். மறையாக்கம் செய்யும் அட்டை. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல அட்டையை வாங்கிவிட்டு, ரீடரை அட்டையின் தொடர் எண்ணை மட்டும் படிக்கும்படி விட்டுவிடுவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். தொடர் எண் யார் கேட்டாலும் சொல்லப்படும் எண். எந்தத் தொடர் எண்ணையும் எழுதிக்கொள்ளும் போலி அட்டைகள் சந்தையில் இருக்கின்றன. டெஸ்ஃபயருக்குப் பணம் கட்டியும் 125 கிலோஹெர்ட்ஸ் அட்டையின் பாதுகாப்புதான் கிடைக்கும்.

நிபுணர் யாரையும் அழைக்காமல் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். என்.எஃப்.சி. (ஒட்டி வைத்த அட்டையைப் படிக்கும் வசதி) உள்ள கைப்பேசியின் பின்புறம் விடுதி அட்டையை ஒட்டி வையுங்கள். கைப்பேசிகள் 13.56 மெகாஹெர்ட்ஸை மட்டுமே படிக்கும். எந்தச் சலனமும் இல்லையென்றால் கையில் இருப்பது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அட்டை. படித்தால், சில்லின் வகையைச் சொல்லும் இலவசச் செயலி ஒன்றில் ‘கிளாசிக்’ என்று வருகிறதா ‘டெஸ்ஃபயர்’ என்று வருகிறதா என்று பாருங்கள். டெஸ்ஃபயர் என்று வந்தால், தட்டிப் பணம் செலுத்தும் வங்கி அட்டை ஒன்றை வாசல் ரீடரில் காட்டுங்கள். பதிவேட்டில் ‘அறியாத அட்டை’ என்று ஓர் எண்ணோடு வரி விழுந்தால், ரீடர் தொடர் எண்ணைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது. ஒழுங்காக அமைத்த ரீடருக்குத் தன் சாவியால் திறக்காத அட்டையிலிருந்து அனுப்புவதற்கு எண்ணே இருக்காது.

அட்டையிலிருந்து கதவுக்கு வருவோம். முன்னோட்ட விடுதியின் வாசலில், வெளிப்பக்கச் சுவரில் எண்பலகையோடு ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. ரீடர், அட்டைப் பட்டியல், பூட்டின் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் கதவைத் திறக்கும் சுவிட்சான ரிலே மூன்றும் அந்த ஒரே பெட்டிக்குள். விலை குறைவு, வயரிங் குறைவு என்பதால் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடியில் ஒரே ஒரு சிறிய திருகாணி. அதைக் கழற்றினால் பெட்டி கையோடு வந்துவிடும். பூட்டுக்குப் போகும் வயரும், உள்ளிருந்து திறக்கும் எக்ஸிட் பட்டனின் வயரும் வெளியே நிற்பவர் கைக்கு வந்துவிடும். அதன்பின் அட்டையே தேவையில்லை. வெளியே இருக்க வேண்டியது ரீடர் மட்டும். முடிவெடுக்கும் கன்ட்ரோலரும் ரிலேயும் கதவுக்கு உள்ளே, பூட்டிய பெட்டியில், பெட்டியைத் திறந்தால் அலாரம் அடிக்கும் டேம்பர் சுவிட்சோடு இருக்க வேண்டும்.

அப்படிப் பிரித்து வைக்கும்போது ரீடரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வயரும் கவனிக்க வேண்டியதே. வீகாண்ட் என்ற பழைய முறையில் இரண்டு வயரில் துடிப்புகளாக எண் போகும். 26 பிட்டில் 8 இடக்குறி, 16 அட்டை எண், 2 சரிபார்ப்பு. எதுவும் மறைக்கப்படுவதில்லை. ரீடருக்குப் பின்னால் சின்னக் கருவி ஒன்றைச் சொருகிவிட்டால், நாள் முழுதும் நுழைந்தவர்களின் எண்கள் அதில் சேர்ந்துவிடும். ஆர்.எஸ்.485 வயரில் ஏ.இ.எஸ். மறையாக்கத்தோடு பேசும் ஓ.எஸ்.டி.பி. முறை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2020இல் அது ஐ.இ.சி. 60839-11-5 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஆகிவிட்டது. வயரை வெட்டினாலோ ரீடரைக் கழற்றினாலோ கன்ட்ரோலருக்கு உடனே தெரியும். டெண்டரில் ‘ஓ.எஸ்.டி.பி., பாதுகாப்புத் தடம் இயக்கப்பட்ட நிலையில்’ என்று எழுத வேண்டும். பின்பாதியை விட்டுவிட்டால் மறையாக்கம் இல்லாமல் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஈ.எம். லாக் எனப்படும் மின்காந்தப் பூட்டின் நிலைமையைப் பாருங்கள். பொருத்தியிருப்பது 600 பவுண்டு பூட்டு, அதாவது சுமார் 270 கிலோ பிடிப்பு. 12 வோல்ட்டில் ஏறக்குறைய அரை ஆம்பியர் எடுக்கும். இதற்கு மின்சாரம் காவலர் அறையிலிருந்து சுமார் 60 மீட்டர் தூரம் கணினி லேன் வயரின் ஒரு ஜோடியில் வருகிறது. போக வர 120 மீட்டர் மெல்லிய செம்பில் சுமார் 10 ஓம் தடை. பூட்டுச் சுருளின் தடை 24 ஓம். 12 வோல்ட் கிளம்பினால் பூட்டுக்கு வந்து சேர்வது எட்டரை வோல்ட்டுதான். பிடிப்பு வெகுவாகக் குறைந்து, தோளால் வேகமாக இடித்தால் கதவு விட்டுக்கொடுக்கும் நிலை. போதாக்குறைக்குப் பூட்டை மாட்டியிருப்பது இரும்புக் கிரில் கேட்டில். கேட் தொங்கத் தொங்க, எதிர்த்தகடு பூட்டின் முகத்தில் முழுதாக ஒட்டாமல் ஒரு முனையில் மட்டும் தொடுகிறது. எதிர்த்தகடு கொஞ்சம் ஆடும்படி நடுவில் ரப்பர் வாஷர் வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு இறுக்கி முடுக்கியிருக்கிறார்கள். பூட்டுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடைக்கூடப் போடவில்லை. அது இல்லாததால் பூட்டு அணையும் ஒவ்வொரு தடவையும் சுருளிலிருந்து எழும் மின்வீச்சு ரிலேயின் முனைகளை அரிக்கும். ஓரிரு வருடத்தில் முனைகள் ஒட்டிக்கொண்டு கதவு திறந்தபடியோ மூடியபடியோ நின்றுவிடும்.

மின்சாரம் போனால் ஈ.எம். லாக் தானாகத் திறந்துகொள்ளும். அது நல்லதே, தீ விபத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் வெறும் மின்வெட்டுக்கே வாசல் திறந்து கிடக்கக் கூடாதே. நீங்கள் வைத்திருப்பது 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. இரண்டு பூட்டு, கன்ட்ரோலர், ரீடர்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றரை ஆம்பியர் இழுத்தால், புது பேட்டரியே நான்கு மணி நேரத்தைத் தாண்டாது. நம் ஊர் வெயிலில், காற்றோட்டமில்லாத காவலர் அறையில் இரண்டு கோடை கழிந்தபின் அதில் பாதிகூடத் தேறாது. எட்டு மணி நேரம் தாங்க 12 ஆம்பியர்-மணி வேண்டும். பேட்டரி வயதாவதையும் கணக்கில் வைத்தால் 26 ஆம்பியர்-மணி பேட்டரி போடுவதே முறை. போட்ட தேதியை அதன் மேலேயே எழுதி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

எங்களை எழுதவைத்தது பின்வாசல். முன்னோட்ட விடுதியில் அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்; சாவி வார்டன் அறையில். காரணம் கேட்டதற்கு, “பின்வாசலுக்கு ரீடர் வாங்க நிதி ஒதுக்கவில்லை, அதனால் மூடிவிட்டோம்” என்ற பதில் கிடைத்தது. வெளியேறும் கதவுகள் உள்ளிருப்பவர் சாவியில்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதிகளின் தீப் பாதுகாப்புப் பகுதி சொல்கிறது. மாணவர் விடுதிகள் அதில் குடியிருப்பு வகையின் ஒரு பிரிவாகவே வருகின்றன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். 2023 மே மாதம் கயானா நாட்டின் மாடியா ஊரில் பள்ளி மாணவியர் விடுதி தீப்பிடித்தபோது கதவுகள் பூட்டியிருந்தன, சன்னல்களில் கிரில் இருந்தது, பரபரப்பில் சாவி கிடைக்கவில்லை. 20 உயிர்கள் போயின. மதுரை கட்ராபாளையத்தில் 2024 செப்டம்பரில் பெண்கள் விடுதியில் அதிகாலையில் தீப்பற்றி இருவர் இறந்ததை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். விடுதித் தீ எல்லோரும் தூங்கும் நேரத்திலும் பிடிக்கலாம். புகையில் கண் தெரியாமல் படியிறங்கி வரும் பெண், சங்கிலியைத் தடவிப் பார்த்துவிட்டு முன்வாசலுக்குத் திரும்பி ஓட வேண்டுமா?

பின்வாசலுக்கு ரீடரே வேண்டாம். உள்ளிருந்து இடுப்பால் தள்ளினாலே திறக்கும் பேனிக் பார் ஒன்று, கதவு திறந்ததும் அந்த இடத்திலேயே உரக்கக் கத்தும் சைரன் ஒன்று, வெளிப்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு. இந்த மூன்றும் போதும். யாரும் ஓசைப்படாமல் அந்த வழியே போய்வர முடியாது. உயிர் பிழைக்க ஓடுபவரை அது தடுக்கவும் செய்யாது.

முன்வாசலில் பச்சை நிற அவசரப் பெட்டி, அழுத்தினால் கதவு திறக்கும் பெட்டி, வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் வயர் கன்ட்ரோலருக்குப் போகிறது. கன்ட்ரோலர் உறைந்து நின்றுவிட்டால் பச்சைப் பெட்டியை எத்தனை தடவை அழுத்தியும் பயனில்லை. அந்தப் பெட்டி பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே நேராகத் துண்டிக்க வேண்டும். தீ அலாரத்தின் ரிலேயும் அப்படியே. சோதனை ஒரு நிமிட வேலை: கன்ட்ரோலரின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியை அழுத்துங்கள். கதவு திறக்காவிட்டால் வயரிங் தவறு. மாதம் ஒருமுறை இதைச் செய்து, செய்தவர் கையெழுத்தோடு தேதியைப் பதிய வேண்டும்.

அடுத்த கட்டமாக, கைவீசி நடந்து வந்தாலே தூரத்திலிருந்து படிக்கும் யு.எச்.எஃப். டேக் போடப் போவதாகச் சுற்றறிக்கை சொல்கிறது. வாகனங்களில் ஒட்டும் ஃபாஸ்டேக் இந்த வகைதான். கண்ணாடியில் ஒரே இடத்தில் ஒட்டியிருப்பதால் அது அங்கே நன்றாக வேலை செய்கிறது. மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். இந்த அலைகளை அது விழுங்கிவிடும். அட்டை பர்ஸில் இருந்தாலோ நெஞ்சோடு ஒட்டியிருந்தாலோ படிக்காது. அதே ரீடர், உள்ளே வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருக்கும் மாணவியின் டேக்கைப் படித்து ‘வெளியே போனார்’ என்று எழுதிவிடும். அந்த வரி குறுஞ்செய்தியாகி வீட்டுக்கும் போய்விடும். சாதாரண டேக்கில் எண் மறைக்கப்படுவதில்லை என்பதால், சாலையோரம் கைக்கருவியோடு நிற்பவரும் யார் எப்போது கடந்து போகிறார் என்று குறித்துவைக்கலாம். இந்தியாவில் இதற்கு உரிமமின்றி அனுமதித்திருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை; அமெரிக்கச் சந்தைக்கான 902–928 மெகாஹெர்ட்ஸ் ரீடர்களை இறக்கிப் பொருத்துவது சட்டப்படியும் தவறு. விடுதி வாசலுக்கு, நாலைந்து சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்து காட்டும் அட்டையே சரி. காட்டுவது அவரவர் விருப்பச் செயலாக இருக்க வேண்டும்.

ஒருவர் கதவைத் திறந்தால் பின்னாலேயே நான்கு பேர் நுழைவார்கள். எந்த அட்டையாலும் இதைத் தடுக்க முடியாது. இதற்காக ‘ஆன்டி-பாஸ்பேக்’ என்ற விதியைக் கடுமையாகப் போட்டிருக்கிறீர்கள்: வெளியே போன பதிவு இல்லாதவருக்கு உள்ளே வரக் கதவு திறக்காது. இதன் விளைவைப் பாருங்கள். மாலையில் தோழி திறந்த கதவு வழியாகப் பேசிக்கொண்டே வெளியே போன மாணவி, இரவு ஒன்பதரைக்குத் திரும்புகிறார். கணக்குப்படி அவர் உள்ளேயே இருக்கிறார், கதவு திறக்கவில்லை. காவலரும் ஒருவர்தான், அவர் ரோந்து போயிருக்கிறார். பாதுகாப்புக்காகப் போட்ட விதி அந்தப் பெண்ணை இருட்டில் தெருவில் நிறுத்துகிறது. விதியை மென்மையான நிலையில் வையுங்கள்: கதவு திறக்கட்டும், காவலரின் திரையில் எச்சரிக்கை வரட்டும். அட்டை காட்டியதும் உரியவரின் புகைப்படம் திரையில் பெரிதாகத் தெரிந்தால், இரவல் அட்டையில் வருபவரைக் காவலர் கண்ணாலேயே பிடித்துவிடுவார். செலவு குறைந்த ஏற்பாடு இது; ஆனால் திரையைப் பார்க்க ஆள் வேண்டும். மூன்று காவலரை ஒருவராகக் குறைத்துவிட்டு இதை எதிர்பார்க்க முடியாது.

நடைமுறைச் சிக்கல்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். அட்டையின் ஓரத்தைச் சுற்றித்தான் ஆன்டெனாச் சுருள் ஓடுகிறது. கழுத்துக்கயிறு மாட்டுவதற்காக அலுவலகத்தில் பஞ்ச் மெஷினால் ஓட்டை போட்டுத் தருகிறார்கள். சுருள் அறுந்து அட்டை செத்துவிடுகிறது. கொடுத்த முதல் வாரத்திலேயே ‘வேலை செய்யாத அட்டைகள்’ வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஓட்டை ஏற்கெனவே உள்ள அட்டையை வாங்குங்கள், இல்லையேல் பிளாஸ்டிக் உறை கொடுங்கள். இரும்புக் கேட்டின் மேல் நேரடியாக ரீடரைப் பதித்தால் படிக்கும் தூரம் பாதியாகும். இடையில் ஒரு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் தாங்கி வையுங்கள். உள் ரீடரும் வெளி ரீடரும் ஒரே சுவரில் முதுகோடு முதுகாக இருந்தால் ஒன்றையொன்று குழப்பும். 30 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். கன்ட்ரோலரின் கடிகாரத்தையும் சி.சி.டி.வி. கடிகாரத்தையும் ஒரே நேரச் சேவையகத்தோடு இணையுங்கள். இரண்டுக்கும் ஏழு நிமிட வித்தியாசம் இருந்தால், சம்பவம் நடந்த பிறகு எந்தப் பதிவும் எந்த முகத்தோடும் பொருந்தாது.

தொலைந்த அட்டைக்கு 500 ரூபாய் அபராதம் என்பதையும் தயவுசெய்து கைவிடுங்கள். அபராதத்துக்குப் பயந்து தொலைந்ததைச் சொல்லாமல் தோழியின் அட்டையில் போய்வருவார்கள். தொலைந்த அட்டையோ யார் கையிலோ உயிரோடு கிடக்கும். தொலைந்ததாகத் தெரிவித்த கால் மணி நேரத்துக்குள் அட்டையை முடக்குவதுதான் முக்கியம். புது அட்டைக்கு அடக்கவிலை மட்டும் வாங்குங்கள்.

பெற்றோருக்கு ஒவ்வொரு அசைவையும் அனுப்பும் குறுஞ்செய்தி ஆண்கள் விடுதிக்கு இல்லை, மகளிர் விடுதிக்கு மட்டும் என்கிறது சுற்றறிக்கை. உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2015ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதிப் பெண்களுக்கு ஆண்களைவிடப் பாகுபாடான விதிகளைப் போடக் கூடாது என்கின்றன. வளாகப் பாதுகாப்பு என்பது அளவுமீறிய கண்காணிப்பாகிவிடக் கூடாது என்றும், போதிய வெளிச்சமும் பெண் காவலர்கள் உள்ளிட்ட பயிற்சி பெற்ற காவலர்களும் வேண்டும் என்றும் அவையே சொல்கின்றன. உங்கள் திட்டம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. எதற்காகத் திரட்டுகிறோமோ அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் ஒரு பள்ளி மாவட்டம் 2012இல் இரண்டு பள்ளிகளின் மாணவர்களுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை மாட்டிவிட்டது. வழக்கும் எதிர்ப்பும் வந்தன, வருகைப் பதிவும் எதிர்பார்த்தபடி கூடவில்லை. 2013இல் திட்டத்தையே கைவிட்டது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இன்ன பெண் இன்ன நேரத்தில் வெளியே போகிறார், இன்ன நேரத்தில் தனியாகத் திரும்புகிறார் என்ற பட்டியல், பின்தொடர நினைக்கும் ஒருவனுக்கு எவ்வளவு பெரிய பரிசு என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பட்டியல் இப்போது காவலர் அறைக் கணினியில் இருக்கிறது. பயனர் பெயர் ‘அட்மின்’. கடவுச்சொல் மென்பொருளோடு வந்ததுதான், மாற்றவில்லை. ஒப்பந்ததாரர் தன் அலுவலகத்திலிருந்தே உள்ளே வருவதற்கான தொலைவிணைப்புச் செயலி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

முன்னோட்ட விடுதியின் பின்வாசல் சங்கிலியை இந்த மடல் கிடைத்த அன்றே கழற்றுங்கள். பேனிக் பாரும் சைரனும் வரும்வரை அங்கே இரவில் ஒரு காவலரை நிறுத்துங்கள். மற்ற விடுதிகளில் எந்த வெளிவாசலையும் பூட்டுவதில்லை என்று எழுத்தில் உத்தரவிடுங்கள்.

பச்சைப் பெட்டியும் தீ அலாரமும் பூட்டின் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும்படி ஒரு வாரத்துக்குள் வயரிங்கை மாற்றுங்கள். மாவட்டத் தீயணைப்புத் துறையினரை அழைத்து அவர்கள் முன்னிலையில் சோதித்துக் காட்டுங்கள். மாணவிகளின் பிரதிநிதிகளும் அப்போது உடனிருக்க வேண்டும்.

தற்போதைய கொள்முதல் ஆணையை நிறுத்திவையுங்கள். ஏ.இ.எஸ். அட்டை, தொடர் எண்ணைப் படிக்காமல் மறையாக்கப்பட்ட பகுதியைப் படிக்கும் ரீடர், அட்டைக்கு அட்டை வேறுபடும் சாவி, உள்ளே வைத்த கன்ட்ரோலர், ஓ.எஸ்.டி.பி. இணைப்பு, பூட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 26 ஆம்பியர்-மணி பேட்டரி இவற்றை டெண்டரில் சேர்த்து மறுபடி விலை கேளுங்கள். மறையாக்கத்தின் முதன்மைச் சாவி ஒப்பந்ததாரரிடம் இல்லாமல் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை ஒரு அட்டை வாங்கவும் அவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கும். 300 பேர் தங்கும் விடுதியில் இரண்டு வாசலுக்கு நான்கு ரீடர், ஒரு கன்ட்ரோலர், 350 அட்டை போதும். அறைக்கதவுகளுக்கெல்லாம் ரீடர் போடும் யோசனையைத் தள்ளிவைத்து, அந்தப் பணத்தை இதற்குத் திருப்புங்கள். யு.எச்.எஃப். டேக் திட்டத்தை முழுவதும் விலக்கிக்கொள்ளுங்கள்.

இரவுக் காவலர் எண்ணிக்கையைப் பழையபடி மூன்றாக்குங்கள்; மகளிர் விடுதியில் அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

அசைவுதோறும் போகும் குறுஞ்செய்தியை நிறுத்துங்கள். நுழைவுப் பதிவை 30 நாளில் அழித்துவிடுங்கள். அதற்குள் யார் எதற்காகப் பார்த்தாலும் அந்தப் பார்வையும் பதிவாக வேண்டும். காவலர் அறைக் கணினியின் கடவுச்சொல்லை இன்றே மாற்றி, தொலைவிணைப்புச் செயலியை நீக்குங்கள். தீ நேரத்தில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்கு இந்தப் பதிவை மட்டும் நம்பாமல், தளவாரியாகத் தலை எண்ணும் பொறுப்பை மாணவர்களிடையே பிரித்துக் கொடுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்பதை 15 நாட்களுக்குள் விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். மறுப்பதாக இருந்தால் காரணத்தையும் அங்கேயே எழுதுங்கள். வயரிங் வரைபடம் போடவும், டெண்டர் வாசகத்தைத் திருத்தவும், சோதனையின்போது உடன் நிற்கவும் கட்டணமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கதவுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நிறுவிப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள்